மூன்று ஆல்பங்களும் ஒரு சுருதிப்பெட்டியும்

அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் முழுத்தொகுப்பு என்னிடம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரண்டு சிடி. இரண்டாவது இன்னும் வாங்கிய நாளின் பளபளப்போடு இருக்கிறது. நன்றாகப் பராமரிக்கிறேன் என்று யாரும் பாராட்ட வேண்டாம். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

1990-ல் வந்த தொகுப்பு அது. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டல் அறையிலும், 1937 ஜூனில் டல்லாஸிலும் பதிவான பாட்டுகள். பாட்டு 29, டிராக் 41. சிலவற்றை இரண்டு முறை பாடவைத்துப் பதிந்திருந்தார்கள். தொகுத்தவர்கள் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஆராய்ச்சி செய்பவருக்கு வசதி. காய் நறுக்கிக்கொண்டே கேட்கிற எனக்கு அல்ல. ஒரு பாட்டு முடிந்து மனசு அதிலேயே நிற்கும்போது அதே பாட்டு மறுபடி தொடங்கும். கச்சேரியில் ஒரு கீர்த்தனையை முடித்த வித்வான் உடனே அதையே திரும்ப எடுத்தால் சபா கேன்டீன் நிரம்பிவிடாதா?

தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். 1961-ல் கொலம்பியா வெளியிட்ட எல்.பி.யில் 16 பாட்டுதான். ஜான்சன் 1938-ல், 27 வயதில் இறந்து 23 வருடம் கழித்து அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்திய தட்டு அது. அந்தப் பதினாறை மட்டும் தனி வரிசையாக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. 78 ஆர்.பி.எம். தட்டின் ஒரு பக்கத்துக்காகப் பாடியவை என்பதால் ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும். 'கம் ஆன் இன் மை கிச்சன்' பாட்டின் மெதுவான பதிவில், காற்று ஊளையிடுவதைப் பற்றி மெல்லப் பேசிவிட்டு, கிட்டார் கம்பிமேல் வழுக்கவிடும் ஸ்லைடால் அந்தக் காற்றையே வாசிக்கிறார். அங்கே கத்தி தானாக நின்றுவிடும். ஒரு குறிப்பு: நல்ல ஸ்பீக்கரில் தட்டின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது. சமையலறைச் சின்ன ஸ்பீக்கரே இதற்குப் பொருத்தம்.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. காரணம் அக்காவின் சுருதிப்பெட்டி.

அதன் முதல் உருப்படியான 'சோ வாட்' டி டோரியன் என்ற சுர வரிசையில் நகர்கிறது. நம் காதுக்கு அது கரகரப்பிரியாவின் சுரங்கள், இரண்டு கட்டை. ஒரு நாள் விளையாட்டாகப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்து, பழைய சிடியை ஓடவிட்டுக் கூடவே முனகிப் பார்த்தேன். சேரவில்லை. பெரிய அபசுரம் என்று சொல்ல முடியாது. ஆனால் சிடி ஒரு மயிரிழை மேலேயே நின்றது. பெட்டி பழசு என்று அக்காவிடம் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். குற்றவாளி சிடிதான். பதிவு நடந்த 1959 மார்ச் 2 அன்று முக்கியமான டேப் எந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும். அன்று பதிந்த முதல் மூன்று உருப்படிகளுக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு. ஏப்ரல் 22-ல் பதிந்த மற்ற இரண்டும் சரி. கூடவே ஓடிய இன்னொரு எந்திரம் சரியான வேகத்தில் இருந்ததால், 1992 மறுவெளியீட்டில் அந்த டேப்பை எடுத்துத் திருத்தினார்கள். என்னுடையது அதற்கு முந்தைய அச்சு, பழைய சாமான் கடையில் கிடைத்தது.

புதுப் பிரதி பெட்டியோடு அழகாகச் சேர்ந்தது, நடுவில் எட்டு பார் (தாள ஆவர்த்தம் மாதிரி) தவிர. அங்கே மொத்தமும் இரண்டரை கட்டைக்கு ஏறிவிடும், பெட்டி பாவம் தனியாக ரீங்கரிக்கும். அந்த இடத்தை அக்கா ரசித்துச் சிரித்தாள். ஆனாலும் பழைய பிரதியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க அந்த ஏறிய சுருதியில்தான் கேட்டிருக்கிறார்கள். காதில் முதலில் பதிந்ததும் அதுதானே.

இரவில் கேட்பவர்களுக்கு: பியானோவும் பால் சேம்பர்ஸின் பாஸும் தொடங்கும் முதல் அரை நிமிடம் மிகச் சன்னமாக இருக்கும். கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். சற்று நேரத்தில் மைல்ஸ் தனியாக எடுக்கும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் அடிக்கும் ஒரு அடி வீட்டையே எழுப்பிவிடும். என் அனுபவம்.

முழுத்தொகுப்பு என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் கிறிஸ்தவ பக்திப்பாடல் ஆல்பமான 'அமேசிங் கிரேஸ்' விஷயத்தில் என் கட்சி நேர் எதிர். 1972 ஜனவரி 13, 14 இரவுகளில் லாஸ் ஏஞ்சலிஸில், முன்பு சினிமா தியேட்டராக இருந்த ஒரு தேவாலயத்தில் பாடியது. அந்த வருடமே வந்த இரட்டை எல்.பி.யில் இரண்டு இரவுகளையும் கலந்து அடுக்கியிருந்தார்கள். 1999-ல் வந்த முழுப்பதிவில் ஒரு இரவுக்கு ஒரு சிடி, நடந்த வரிசையிலேயே. இங்கேயும் சில பாட்டுகள் இரண்டு தடவை வருகின்றன. அலுக்கவில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பகல் இருக்கிறது. கோரஸை வழிநடத்திய பாதிரியார் ஜேம்ஸ் கிளீவ்லண்டின் பேச்சு, கூட்டத்தின் கூவல், கோரஸ் எழும்புவது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. பதினொரு நிமிடத்தை நெருங்கும் அந்தத் தலைப்புப் பாட்டுக்கு முன்னால் கூட்டம் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பது இதில்தான் புரிகிறது. சின்ன ஸ்பீக்கரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கோரஸ் கூழாகிவிடும்.

அதன் பிளாஸ்டிக் உறை எப்போதோ உடைந்து, ரப்பர் பேண்டில் நிற்கிறது. முதல் இரவின் சிடியில் கீறல் விழுந்து ஒரு இடத்தில் திக்குகிறது. அந்த இடம் வரும்போது எழுந்துபோய் பிளேயரின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வந்து உட்காருகிறேன்.