42,500 ரூபாய்க்கு ஒரு பெட்டி போலிக் கார்ட்: போகிமொன் வாங்கப் போகிறவர்கள் வாசியுங்கள்

எனக்குப் போலிக் கார்ட் விற்ற பேஸ்புக் பக்கம் நேற்று இரவு என்னை பிளாக் செய்துவிட்டது. இனிப் பேச ஆள் இல்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் போகிமொன் கார்ட் (சேர்த்து வைக்கிற, இருவர் எதிரெதிரே இருந்து விளையாடுகிற கார்ட்) வாங்கிக் கொடுக்கிற பெற்றோர், அதைத் தாங்களே ஆடுகிற தம்பிமார், எல்லோரும் கொஞ்சம் நேரம் எடுத்து வாசியுங்கள். எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் என்னுடைய 42,500 ரூபாய் எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பக்கத்தின் பெயர் போடவில்லை. முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது, நானே போய் வழக்கில் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. பேஸ்புக்கில் பக்கம், வட்ஸ்அப்பில் வியாபாரம், கூரியரில் சாமான். கொழும்பில் கடை இருக்கிறதாம். அந்தக் கடைக்குள் கால் வைத்த ஒருவரையாவது தேடிப் பார்த்தேன், இதுவரை கிடைக்கவில்லை.

ஆடுகிறவன் என் அக்காவின் மகன். நானும் கூட உட்கார்ந்து ஆடிப் பழகிவிட்டேன். வேலை முடிந்து கல்லடிக்கு வந்தால் அவனோடு ஒரு ஆட்டம் போடாமல் சாப்பாடு இறங்காது என்ற அளவுக்கு. அவனுக்கு ஒழுங்கான ஒரு டெக், அதாவது ஆட்டத்துக்கான கார்ட் கட்டு, கட்ட வேண்டும். அதற்காக அவன் சேர்த்து வைத்த காசு கொஞ்சம், மிச்சம் என்னுடையது.

எதை வாங்குவது என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. டெக் என்றால் சரியாக 60 கார்ட். அடிப்படை எனர்ஜி கார்ட் தவிர வேறு எந்தக் கார்டும் ஒரே பெயரில் நான்குக்கு மேல் இருக்கக்கூடாது. அப்படியானால் நான்கு அல்ட்ரா போல், நான்கு ரெயார் கேண்டி என்று குறிப்பிட்ட கார்ட்தான் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேவை. உள்ளே என்ன கார்ட் என்று தெரியாத பூஸ்டர் பேக்கை உடைத்து உடைத்து அதைத் தேடினால் காசுதான் கரையும், டெக் வராது. ஒற்றைக் கார்டாக வாங்குவதுதான் மலிவு. இல்லையென்றால் 60 கார்டும் கட்டி ஆட ஆயத்தமாக வருகிற டெக் ஒன்றை வாங்கலாம். பேக் உடைக்கிற சந்தோஷம் வேறு சங்கதி, அது ஆடுவதற்கான செலவு அல்ல. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. மருமகனும் நானும் உட்கார்ந்து ஒற்றைக் கார்ட் பட்டியல் ஒன்று எழுதி, அதைத்தான் அந்தப் பக்கத்துக்கு அனுப்பினோம்.

பதில் உடனே வந்தது. பட்டியலில் இருக்கிற ஒன்றும் கையிருப்பில் இல்லையாம். "அண்ணா, சிங்கிள் வாங்கி என்ன செய்யப் போறீங்க? 36 பேக் 151 பொக்ஸ் கடைசி ஒண்டு கிடக்கு. உங்களுக்காக வைக்கட்டா?"

தெரியாதவர்களுக்கு: 151 என்பது 2023 செப்டெம்பரில் ஆங்கிலத்தில் வந்த செட். முதல் தலைமுறைப் போகிமொன் 151ஐயும் கொண்டது, அதனால்தான் அந்தப் பெயர். அதில் 199/165 என்று எண் போட்ட, சாரிசார்ட் என்ற போகிமொனின் ஈஎக்ஸ் (பலம் கூடின வகை) கார்ட் ஒன்று இருக்கிறது. செட்டின் கணக்கு 165தான், அதைத் தாண்டிய எண் என்றால் அபூர்வக் கார்ட். அதற்காகவே இந்த செட்டை உலகம் முழுக்க விழுந்து விழுந்து வாங்கினார்கள். மருமகன் என் தோளுக்கு மேலால் அந்த மெசேஜை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது. "ஆங்கில 151க்கு 36 பேக் பொக்ஸ் வெளிவரவில்லையே தம்பி? 9 பேக் இருக்கிற எலீட் ட்ரெய்னர் பொக்ஸ் வந்தது, 6 பேக் பண்டில் வந்தது, 16 பேக் பெரிய பெட்டி ஒன்று வந்தது. பொக்ஸ் என்றால் ஜப்பான் பதிப்புத்தானே, அது 20 பேக், பேக்குக்கு 7 கார்ட்?" என்று எழுதினேன்.

அதற்கு விற்கிறவன் எழுத்தில் பதில் தரவில்லை. வொய்ஸ் மெசேஜ் போட்டான். அமைதியான குரல், அவசரமே இல்லை. "நல்ல கேள்வி அண்ணா, இப்பிடிக் கேக்கிற ஆக்கள் குறைவு. இது ஆசியாப் பக்கத்துக்கு மட்டும் விட்ட தனிப் பெட்டி. இணையத்தில தேடினா வராது." அடுத்து ஒரு வீடியோ. மேசையில் பெட்டி, பக்கத்தில் ஒரு தாளில் என் பெயரும் அன்றைய திகதியும் பேனாவால் எழுதியிருக்கிறது. கையில் எடுத்து நான்கு பக்கமும் திருப்பிக் காட்டுகிறான், சுற்றியிருக்கிற பொலித்தீனைத் தட்டிக் காட்டுகிறான். அதற்குப் பிறகு இன்னொரு வொய்ஸ்: "அண்ணா கல்லடியா? நானும் கிழக்குதான். அம்மா வழி எல்லாம் களுவாஞ்சிகுடிப் பக்கம். எங்கட ஊர் ஆக்களை நான் ஏமாத்துவனா?"

42,500 ரூபாயை வாங்கியது அந்தக் குரல்தான். பெட்டியோ வீடியோவோ இல்லை. கொழும்பில் இருந்து எங்களுடைய பேச்சில் ஒருவன் அண்ணா என்று கூப்பிட்டால் மனம் எப்படி இளகும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. இதே ஆள் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர் கேட்டால் அம்மா வழி வல்வெட்டித்துறை என்று சொல்லுவான் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

சாமான் கைக்கு வந்ததும் காசு கொடுக்கிற முறையில் தரச் சொன்னேன். விலை கூடின சாமானுக்குக் கூரியர்காரர் அதற்குச் சம்மதிப்பதில்லை என்றான். வங்கிக் கணக்கு கடையின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. "அது எங்கட அக்கவுண்டன்ட் அண்ணா." சரி. டவுனில் வங்கி வாசலில் இருக்கிற மெஷினில் 42,500 ரூபாயும் போட்டுவிட்டு, ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். மெஷினை விட்டு நகர முன்னம் "கிடைச்சிட்டு அண்ணா" என்று பதில் வந்துவிட்டது. அந்த வேகத்தைப் பிறகு ஒருநாளும் காணவில்லை.

பார்சல் வந்தது. பெட்டியும் வீடியோவில் கண்ட பெட்டிதான். அக்கா வீட்டு விறாந்தையில் பாய் போட்டு உட்கார்ந்து உடைத்தோம். இரண்டாவது பேக்கிலேயே 199/165 சாரிசார்ட். மருமகன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி மதிலால் எட்டிப் பார்த்தார். அடுத்தடுத்த பேக்கில் இன்னொரு சாரிசார்ட், அதே எண். அவன் சிரித்தான், ஆனால் கொஞ்சம் குறைவாக. மூன்றாவது சாரிசார்ட் வந்தபோது கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, இது சரியில்லை" என்றான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உண்மையான சாரிசார்டின் மேற்பரப்பில் விரல் ரேகை மாதிரி மெல்லிய வரிகள் தடவினால் தெரியும். இது கண்ணாடி போல வழுவழுப்பு. கார்டின் பின்பக்க நீலம் வெளிறிப் போய் ஊதா அடித்தது. எங்களிடம் இருந்த நல்ல கார்டோடு அடுக்கி வைத்தால் குருடனுக்கும் தெரியும். சில கார்டில் போகிமொன் என்ற பெயரில் ஆங்கில ஈ எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய சாய்கோட்டையே காணோம். போன் வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தால் அப்படியே ஊடுருவி வந்தது. நல்ல கார்டின் நடுவில் ஒரு கறுப்பு அடுக்கு இருப்பதால் இப்படிப் பளிச்சென்று வராது. ஆங்கிலப் பேக்கில் இருக்க வேண்டிய, ஒன்லைன் ஆட்டத்துக்கான கோட் அச்சடித்த கார்ட் ஒன்றிலும் இல்லை. பேக்குக்குப் பேக் ஈஎக்ஸ். உண்மையான பேக் இவ்வளவு தாராளமாக ஒருநாளும் இருந்ததில்லை.

அன்றைக்கே படங்களோடு மெசேஜ் போட்டேன். இனித்தான் நாடகம்.

முதலில், "சப்ளையரிட்ட கேட்டுச் சொல்றன் அண்ணா". பிறகு, உடைத்த பேக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்பது அவர்களுடைய விதியாம். உடைக்காமல் உள்ளே இருப்பது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. அடுத்தது, பார்சலைப் பிரித்ததில் இருந்து கடைசிப் பேக் வரை வெட்டாமல் எடுத்த வீடியோ வேண்டும் என்றான். சாரிசார்ட் வந்த நேரம் அக்கா போனில் எடுத்த துண்டு இருந்தது, அனுப்பினேன். அது செல்லாதாம், ஏனென்றால் அதில் பெட்டியின் சீல் உடைகிற காட்சி இல்லையாம். முதலாளி வெளிநாட்டில் என்றான். வந்துவிட்டார் ஆனால் சுகமில்லை என்றான். இவ்வளவுக்கும் அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் தினமும் புதுப் புதுப் பெட்டிகளின் படங்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது பிறகு வந்ததில்தான். "அண்ணா, நீங்க நல்ல கார்டை எடுத்திட்டு போலியை வைச்சுப் படம் எடுத்தீங்களோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" 42,500 ரூபாயையும் கொடுத்துவிட்டுக் கள்ளன் என்ற பெயரையும் நான் வாங்க வேண்டுமாம். அதற்கு அடுத்த மெசேஜில், நல்லெண்ண அடிப்படையில் எனது அடுத்த கொள்வனவுக்கு 10 வீதம் கழிவு தருவதாகச் சொன்னார்கள். அடுத்த கொள்வனவு!

அவர்களுடைய பதிவின் கீழே கருத்துப் போட்டேன். மறைத்தார்கள். அக்காவின் கணக்கில் இருந்து போட்டோம். அதையும் மறைத்தார்கள். நேற்று இரவு பிளாக். இப்போது வட்ஸ்அப்பில் அவர்களுடைய படமும் தெரியவில்லை.

முறைப்பாடு சொல்லப் போன ஓரிடத்தில் அங்கிருந்தவர், "சின்னப் பிள்ளையள் விளையாடுற கார்டுக்கா 42,500 குடுத்தனீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். தங்கச் சங்கிலி என்றால் சிரிப்பாரா? போன காசு காசுதானே. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அங்கே எழுத்திலும் கொடுக்கிறேன். இந்த அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே இப்படி மாட்டியவர்கள் "பார்ப்பம், தருவான்" என்று காத்துக்கொண்டு இருக்காதீர்கள். இழுத்தடிப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்?

கல்முனையில் ஒரு நண்பனுக்கு வேறு விதமாக நடந்திருக்கிறது. கார்டைச் சோதித்துத் தரம் போடுகிற அமெரிக்க நிறுவனமான பிஎஸ்ஏ தரம் போட்டுப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்த கார்ட் என்று ஒன்றை வாங்கினான். உறையில் இருக்கிற எண்ணை பிஎஸ்ஏ தளத்தில் போட்டால் சரியான கார்டின் பெயர் வருகிறது. உண்மையான எண்ணைக் களவெடுத்துப் போலி உறையில் அச்சடித்திருக்கிறார்கள். தளத்தில் இருந்த படத்தையும் கையில் இருந்ததையும் வைத்துப் பார்த்தபோது ஓரத்து மஞ்சள் கரையின் அகலமே வேறு. அவனுக்குப் போனது எவ்வளவு என்று சொல்ல வேண்டாம் என்றான், வீட்டில் தெரியாது.

சரி, என்ன வாங்குவது என்று விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்கு மனநிலை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடத்தான் என்றால் ஒற்றைக் கார்ட் வாங்குங்கள், அதுவும் கையில் தொட்டுப் பார்த்து. போட்டியில் ஆடுவதென்றால் கார்டின் கீழ் மூலையில் இருக்கிற சிறிய ஆங்கில எழுத்தைப் பாருங்கள். பழைய எழுத்து உள்ளவை காலத்துக்குக் காலம் ஆட்டத்தில் இருந்து விலக்கப்படும், அவற்றைத்தான் மலிவு என்று தள்ளிவிடுவார்கள். 151 போன்ற சிறப்பு செட்டை ஆங்கிலத்தில் 36 பேக் பெட்டியாக யார் காட்டினாலும், ஆசியா என்றாலும் ஆபிரிக்கா என்றாலும், போனை வையுங்கள். தனி ஆள் பெயரில் கணக்கு இலக்கம் தந்தால் போடாதீர்கள். பார்சலைப் பிரிக்க முதல் வீடியோவை ஓட விடுங்கள். ஊர்க்காரன் என்று சொன்னால் எந்தத் தெரு என்று கேளுங்கள்.

வங்கி ஸ்லிப், வொய்ஸ் மெசேஜ், வீடியோ எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கொழும்புப் பக்கத்துக் கார்ட் பக்கம் ஒன்றுக்குப் பணம் போடப் போகிறீர்கள் என்றால், போட முதல் அவர்கள் தந்த கணக்கு இலக்கத்தை எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். என்னுடைய ஸ்லிப்போடு ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.