சொன்ன தேதிக்கு முன் வரும் பீரங்கியும் கப்பலும்: எல் அண்ட் டி ராணுவத் தயாரிப்புகள் குறித்து

எல் அண்ட் டி என்றவுடன் நம்மில் பலருக்கு மேம்பாலமும் மெட்ரோ ரயிலும்தான் நினைவுக்கு வரும். 1938 இல் இரண்டு டேனிஷ் பொறியாளர்கள் பம்பாயில் தொடங்கிய அந்த நிறுவனம், இன்று குஜராத்தின் ஹஜிராவில் டாங்கி போலத் தானே ஓடிச் செல்லும் பீரங்கியையும் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் ரோந்துக் கப்பலையும் கட்டித் தருகிறது. ராணுவத் தளவாடம் என்றாலே ஆண்டுக்கணக்கில் தாமதம் என்று பழகிவிட்ட நாட்டில், இந்நிறுவனத்தின் தனிச்சிறப்பாக நான் கருதுவது கால ஒழுங்கைத்தான்.

முதலில் கே-9 வஜ்ரா. தென்கொரியாவின் ஹன்வா நிறுவனத்தின் வடிவமைப்பில் 100 பீரங்கிகளுக்கு 2017 இல் ஒப்பந்தமானது. நூறாவது பீரங்கி 2021 பிப்ரவரியில், குறித்த கெடுவுக்கு முன்பே, ஹஜிராவை விட்டுக் கிளம்பிவிட்டது. ஏறத்தாழ 47 டன் எடையுள்ள இந்த 155 மி.மீ. குழல் விட்டப் பீரங்கி, நின்று, சில குண்டுகளைச் சுட்டுவிட்டு, எதிரி திருப்பிச் சுடுவதற்குள் வேறிடம் போய்விடும். அதன் உயிர்நாடியே அந்த வேகம்தான். குண்டை இயந்திரம் ஏற்றினாலும், அதை உந்தித் தள்ளும் வெடிமருந்தை வீரர் கையால்தான் வைக்க வேண்டும் என்பதால் உள்ளே 5 பேர் தேவைப்படுகிறார்கள். பாலைவனத்துக்கென வாங்கிய இதைக் குளிருக்கான மாற்றங்களுடன் லடாக் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் ராணுவம் மேலும் 100 பீரங்கிகள் கேட்டது. வாடிக்கையாளரின் திருப்திக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காட்டுப்பள்ளித் தளத்தில் எனக்குப் பிடித்தது கப்பலை நீரில் இறக்கும் முறை. சரிவுப் பாதையில் வழுக்கி விடாமல், கரையிலேயே கட்டி, சக்கர வண்டிகளில் நகர்த்தி, பெரிய மின்தூக்கி போன்ற மேடையில் நிறுத்தி, மெல்லக் கடலுக்குள் தாழ்த்துகிறார்கள். கடலோரக் காவல் படைக்கான விக்ரம் வகை ரோந்துக் கப்பல்கள் ஏழும், 98 மீட்டர் நீளத்துடன், இங்கிருந்து வந்தவையே. 2018 ஏப்ரலில் விக்ரமும், கடைசியாக 2021 ஆகஸ்டில் விக்ரஹாவும் பணியில் சேர்ந்தன. பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு நாளில் அவற்றுள் ஒன்றில் ஏறிப் பார்த்தேன். மெல்லிய எஃகுத் தகட்டில் கட்டிய கப்பல்களில், பற்றவைப்பின் சூட்டில் தகடு உள்வாங்கி, பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்புகள் போல உள்சட்டங்கள் வெளியே தெரிவதுண்டு. வெயில் சாய்வாக விழுந்த அந்தப் பிற்பகலில் பக்கவாட்டில் கண்ணை ஓட்டியபோது, முன்பகுதியில் லேசான அலையடிப்பைத் தவிர, தகடு சீராகவே இருந்தது. ஹெலிகாப்டர் தளத்துக்கு ஏறும் படிகள்தாம் என் முழங்காலுக்குச் செங்குத்து. அதைக் குறையென்று எழுதினால் மாலுமிகள் சிரிப்பார்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற கப்பல் பழுதுபார்ப்புக்காக இந்தத் தளத்துக்குத்தான் வந்தது.

மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடலோரக் காவல் படைக்காகக் கட்டப்பட்ட 54 இடைமறிப்புப் படகுகளும் இந்நிறுவனத்துடையவை. நீர்த்தாரை விசையில், 45 நாட் (மணிக்குச் சுமார் 83 கி.மீ.) வேகத்தில் ஓடுபவை.

குறை எங்கே என்றால், வஜ்ராவின் வடிவமைப்பு கொரியாவினுடையது. அதன் 1,000 குதிரைத்திறன் எஞ்சின் ஜெர்மானியத் தயாரிப்பு. இன்னொருவர் வரைந்து கொடுத்ததைப் பிசகாமல் கட்டுவது ஒரு திறமை, தானே வரைவது வேறு திறமை. அந்த இரண்டாவதற்கான தேர்வாக, அரசின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆவடி ஆய்வகத்துடன் சேர்ந்து உருவாக்கி 2024 ஜூலையில் ஹஜிராவில் காட்டப்பட்ட 25 டன் இலகு டாங்கி ஜொராவரைச் சொல்லலாம். அதற்கும் முதலில் நினைத்திருந்த ஜெர்மன் எஞ்சினுக்கு ஏற்றுமதி அனுமதி இழுபட்டதால், அமெரிக்காவின் கம்மின்ஸ் எஞ்சினைப் பொருத்த வேண்டியதாயிற்று.