ரேம் தீர்ந்தால் லினக்ஸ் ஹேங் ஆவது பற்றி, ஆறு வருடம் கழித்து

லினக்ஸுக்கு மாறலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். ஆறு வருடமாக என் வீட்டுக் கணினியில் வேறெதுவும் ஓடவில்லை. ரேம் 8 ஜிபி. மற்ற நல்லதெல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது ஹேங் பற்றி மட்டும்தான்.

பிரவுசரில் முப்பது டேப், பக்கத்தில் ஒரு வெர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி). திடீரென்று மவுஸ் அம்பு நின்றுவிடும். பத்து விநாடிக்கு ஒருமுறை விரற்கடை தூரம் நகரும். டிஸ்க் விளக்கு மினுக்காமல் விடாமல் எரியும். கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான்.

கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. ஸ்வாப்பை (ரேம் போதாதபோது கைகொடுக்க டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) அணைத்தேன், அப்போதும் அதேதான். கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில், ஹேங் ஆனபோது ஓடிய அமர்வின் பதிவைப் பார்த்தால், குற்றம் சொல்ல ஒரு வரிகூட இல்லாமல் பாதியில் நிற்கிறது.

விஷயம் இதுதான். ரேம் தீரும்போது லினக்ஸின் மையமான கர்னல், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கோட் பக்கங்களையே (ரேமில் இருக்கும் நிரல் துண்டுகளையே) வெளியே தள்ளுகிறது. டிஸ்க்கில் இருப்பவைதானே, வேண்டும்போது படித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அடுத்த நொடியே அதே பக்கம் தேவைப்படும். மறுபடி படிக்கும், மறுபடி தள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக இடம் கிடைத்துக்கொண்டே இருப்பதால் ஓஓஎம் கில்லர், அதாவது ரேம் தீர்ந்தால் ஏதாவதொரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும் கர்னலின் பகுதி, எழுவதே இல்லை.

ஆல்ட், சிஸ்ரிக்யூ (பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் விசைதான்), எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதை நாமே எழுப்பலாம். ஆனால் அந்த விசையால் எதையெல்லாம் செய்யலாம் என்பதை சிஸ்ரிக்யூ மதிப்பு என்ற ஓர் அமைப்பு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு அனுமதிக்கும் ஓர் எண், எல்லாவற்றின் கூட்டுத்தொகைதான் அந்த மதிப்பு. நிரலைக் கொல்ல அதில் 64 சேர்ந்திருக்க வேண்டும். லினக்ஸ் வகைகளில் உபுண்டுவில் இருப்பது 176, டெபியனில் 438. இரண்டு கூட்டுத்தொகையிலும் 64 சேரவில்லை. திரையைப் பூட்டியிருக்கும் நிரலை யாரும் இந்த வழியில் கொன்று உள்ளே வந்துவிடக் கூடாது என்பதும் நியாயம்தான். என் கணினியைத் தொட வேறு ஆள் இல்லாததால் 1 என்று மாற்றி எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

உண்மையில் காப்பாற்றியது எர்லிஓஓஎம் என்ற சின்ன நிரல். ரேம், ஸ்வாப் இரண்டிலும் மீதி 10 சதவீதத்துக்குக் கீழே போனதும் பெரிய தீனிக்காரனை மூடிவிடும். ஒரு டேப் போகும், மற்றதெல்லாம் பிழைக்கும். எட்டு மாதம் பவர் பட்டன் பக்கமே கை போகவில்லை. இவ்வளவு நிம்மதியாக எந்தக் கணினியிலும் நான் வேலை செய்ததில்லை.

போன வாரம் புது எஸ்எஸ்டி போட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். எர்லிஓஓஎம் போட மறந்துவிட்டேன். இரண்டாம் நாளே ஹேங். ஒரு மணி நேரம் எழுதியது போச்சு. ஒரு சின்ன நிரல், அதைக் கூடவே வைத்துத் தந்தால் என்ன?

நான் லினக்ஸை விடப் போவதில்லை. ஆனால் நண்பரிடம், 8 ஜிபி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.