பின்னக் கூட்டல்: குறுக்கே பெருக்குவதா, மீ.சி.ம. எடுப்பதா?

வேற்றினப் பின்னங்களை, அதாவது பகுதி (கீழே உள்ள எண்) வேறுவேறாக உள்ள பின்னங்களைக் கூட்ட மகளுக்கு எந்த வழியைப் பழக்குவது என்று யோசித்து, மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) வழியையே எடுத்துக்கொண்டேன். குறுக்குப் பெருக்கல் சீக்கிரம் மனதில் பதியும், எந்தப் பின்னத்துக்கும் ஒரே சூத்திரம், விடையும் சரியாகவே வரும். 2/3 + 3/5 போல, பகுதிகளுக்குப் பொதுக் காரணி இல்லாத இடத்தில் இரண்டு வழியும் ஒன்றுதான். எப்படிப் போனாலும் கீழே 15.

வித்தியாசம் தெரிவது கூட்டி முடித்த பிறகு, சுருக்கும்போது. 5/12 + 7/18 எடுத்துக்கொள்வோம். குறுக்கே பெருக்கினால் 90-ம் 84-ம் சேர்ந்து மேலே 174, கீழே 216. பிள்ளை இரண்டால் வகுத்து 87/108 என்று எழுதும். 87 பார்க்கப் பகா எண் போலவே இருப்பதால் அங்கேயே நின்றுவிடும். அது 3 × 29 என்று பிடிபட்டால்தான் 29/36 வரும். மீ.சி.ம. 36 என்று எடுத்தால் 15/36 + 14/36, நேராக 29/36.

216 என்பது 36-இன் 6 மடங்கு. அந்த 6-தான் 12, 18 இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி. குறுக்கே பெருக்கும்போது அதை நாமே மேலும் கீழும் ஏற்றிவிட்டு, பிறகு நாமே தேடி இறக்குகிறோம். மூன்று பின்னம் வந்தால் சுமை இன்னும் கூடும். 1/6 + 3/8 + 5/12 குறுக்குப் பெருக்கலில் 552/576 ஆகிறது; 24-ஐப் பகுதியாக வைத்தால் 4 + 9 + 10, விடை 23/24.

நம் பழைய கீழ்வாய் இலக்கத்திலும், அதாவது பழந்தமிழ்ப் பின்னப் பெயர்களிலும் இதைப் பார்க்கலாம். மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாகாணியையும் மாவையும் மீ.சி.ம. வழியில் கூட்டினால் பகுதி 80, அதாவது 9 காணி. குறுக்கே பெருக்கினால் பகுதி 320, அதாவது 36 முந்திரி. அளவு ஒன்றுதான், ஆனால் 9 காணி என்றால் சட்டென்று விளங்குகிறது.

மீ.சி.ம. எடுத்தால் சுருக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1/6 + 3/10 கூட்டினால் 14/30, அதைச் சுருக்கினால்தான் 7/15. ஆனால் தேட வேண்டிய இடம் சிறியது. கூட்டும் இரண்டு பின்னங்களும் ஏற்கெனவே சுருங்கிய வடிவில் இருந்தால், விடையில் மிஞ்சும் பொதுக் காரணி அந்தப் பகுதிகளின் மீ.பெ.கா.-வுக்குள்ளேயே அடங்கும். 6-க்கும் 10-க்கும் அது 2. இரண்டால் வகுபடுமா என்று மட்டும் பார்த்தால் போதும். மகளுக்கு நான் அதிகம் பழக்கியது இந்தச் சோதனையைத்தான்.

91, 143 போன்ற பகுதிகள் வந்து, இரண்டிலும் 13 ஒளிந்திருப்பது கண்ணில் படாவிட்டால் குறுக்கே பெருக்கிவிடுவதே மேல். வாய்ப்பாட்டில் தடுமாறும் பிள்ளைக்கு எது நல்லது என்று அழுத்திச் சொல்ல மாட்டேன். நான் பழக்கியது ஒரே பிள்ளைக்கு. அப்படி ஒரு பிள்ளை வந்தாலும் முதலில் மடங்குகளை வரிசையாக எழுதவைத்துப் பார்ப்பேன்: 12, 24, 36; 18, 36.