வில் 40 பவுண்டு, போனது 187 டாலர்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுத மாட்டேன். பென்சில்வேனியாவில் இருக்கிறோம். தோள்பட்டையில் ஆபரேஷன் ஆனபிறகு பழைய வில்லை இழுக்க முடியாமல் அதை விற்றுவிட்டு 40 பவுண்டு காம்பவுண்ட் வில் (நுனிகளில் கப்பி வைத்த வில்) வாங்கினேன். பவுண்டு என்பது நாணை இழுக்கத் தேவையான விசை. இங்கே மான் வேட்டைக்குச் சட்டப்படி 35 பவுண்டே போதும். வில்லில் கோளாறு இல்லை, அம்பு முனையில்தான்.

ஊர்க்கோடியில் ஒரு வில் கடை. உள்ளே போனதும் நான் சொன்ன முதல் பேச்சே "என் வில் 40 பவுண்டுதான்" என்பது. கவுன்டரில் இருந்தவர் ஒரு பிராட்ஹெட்டை, அதாவது பிளேடு வைத்த வேட்டை அம்பு முனையை, எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மடிந்த இரண்டு பிளேடு, அதைப் பிடித்திருக்கும் குட்டி ரப்பர் வளையம், பட்டதும் விரிந்து இரண்டு அங்குலத்துக்கு அறுக்குமாம். "என் மகளுக்கே இதைத்தான் கொடுத்திருக்கிறேன்" என்றார். அங்கேதான் விழுந்தேன். பெற்ற பிள்ளையைச் சொல்லி ஒருவர் சரக்கு தள்ளுவாரா? இரண்டு பாக்கெட், கூடவே "வேகமாகப் போகும்" என்று லேசான அம்பு ஆறு, வரியோடு 187 டாலர்.

போன வாரம் சாயங்காலம், பரணிலிருந்து 18 கஜத்தில் ஒரு பெண் மான் பக்கவாட்டில் நின்றது. நல்ல இடத்தில்தான் பட்டது, ஆனால் அம்பு அரைச் சாண்கூட இறங்கவில்லை. கொஞ்ச தூரத்தில் அம்பு கிடந்தது, ஒரு பிளேடு விரிந்து, இன்னொன்று பாதியில் நின்றபடி. இலைகளில் நாலைந்து சொட்டு, அப்புறம் அதுவும் இல்லை. ராத்திரி பதினொரு மணிவரை டார்ச் அடித்து, மறுநாள் காலையிலும் போய்த் தேடினோம். கிடைக்கவில்லை. 187 டாலரைவிட அதுதான் தூங்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்து பாக்கெட்டின் பின்பக்க விலை ஸ்டிக்கரை உரித்தால் அடியில் பொடி எழுத்தில் 50 பவுண்டும் அதற்கு மேலும் என்று போட்டிருக்கிறது! கடைக்கு எடுத்துப் போனேன். முதலில் "உங்கள் குறி தப்பியிருக்கும்". அப்புறம் "பிரித்த பாக்கெட்டைத் திருப்பி எடுப்பதில்லை". அப்புறம் மேனேஜர் கூப்பிடுவார் என்றார்கள், மூன்று தடவை நான்தான் கூப்பிட்டேன், மூன்று தடவையும் அவர் சாப்பிடப் போயிருந்தார். மகளுக்கு எத்தனை பவுண்டு வில் என்று கேட்டதற்கு அந்த ஆள் பதிலே சொல்லவில்லை.

என்ன வாங்கலாம் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பிளேடு விரிவதற்கும் அகலமாக அறுப்பதற்கும் விசை வேண்டும், நம் வில்லில் அது உபரியாகக் கிடையாது. விரியாத, இரண்டு பிளேடு முனை, நுனியிலிருந்தே கூர் தொடங்குவதாக, ஒரு அங்குல அகலத்தை ஒட்டி. 40 பவுண்டுக்கு அம்பு முனையோடு சேர்த்து 400 கிரெயினாவது (சுமார் 26 கிராம் எடை) இருக்கட்டும். ஸ்டிக்கரைக் கடையிலேயே உரித்துப் பாருங்கள்.

மிச்சம் ஐந்து முனை டிராயரில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் 65 பவுண்டு இழுக்கிறவர், பாதி விலைக்குக் கேட்டிருக்கிறார். கொடுத்துவிடப் போகிறேன்.