திருவொற்றியூரிலிருந்து மதுரைக்கு விமானம்: டிக்கெட்டில் போடாத நேரம்

மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ. டிக்கெட்டில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் வரை போட்டிருக்கும். வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல அது. இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்பது வரை. புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர் மணிக்கு 500 கி.மீ. போகும், ஏர்பஸ் 800-ஐத் தாண்டும். ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட் முழு வேகம் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும். மிச்சமாவது கால் மணிதான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

நம்ம பக்கத்துக்காரர்களுக்கு நிஜக் கணக்கு தேரடியிலேயே தொடங்கிவிடுகிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை கட்டினால் டாக்ஸி எப்போது போய்ச் சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. மெட்ரோதான் நம்பகம். விம்கோ நகர் பணிமனையிலிருந்து விமான நிலையம் வரை ஏறக்குறைய 33 கி.மீ., ஒரு மணி நேரம், மாறாமல் ஒரே ரயில். கட்டணம் 50 ரூபாய். மொபைலில் க்யூஆர் எடுத்தால் 40. இறங்கியபின் மேல்நடைபாதையில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டி1, டி4 இரண்டுமே உள்நாட்டு முனையங்கள். எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இதில் ஒரு சிக்கல். முதல் மெட்ரோ காலை 5 மணிக்கு. 6 மணிக்கு நிலையத்தில் இறங்கலாம். பெட்டி போடும் கவுன்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஆகவே ஏழரைக்கு முந்தைய விமானம் என்றால் விடிவதற்கு முன் டாக்ஸிதான். அந்த நேரத்தில் சாலை ஓரளவு காலியாக இருக்கும் என்பது ஆறுதல்.

ஏடிஆரில் தலைக்கு மேல் உள்ள பெட்டி இடம் சின்னது. ஏர்பஸ்ஸில் நுழையும் டிராலி இங்கே நுழையாது. படிக்கட்டருகே டேக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். மருந்து, நகை, லேப்டாப்பைத் தனிப் பையில் வைத்திருங்கள்.

பத்து மணி விமானத்துக்கு வீட்டை விட்டு ஆறே முக்காலுக்குக் கிளம்பினால், மதுரை விமான நிலையத்திலிருந்து 12 கி.மீ. கடந்து பெரியார் பஸ் நிலையம் சேரப் பன்னிரண்டே கால் ஆகும். மொத்தம் ஐந்தரை மணி நேரம். எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ரயிலில் போகும் நேரம் மட்டுமே ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். சென்ட்ரலில் மெட்ரோ மாறி எழும்பூர் போவதையும் காத்திருப்பதையும் சேர்த்தால் ஏழு. ஆக, விமானத்தின் லாபம் ஒன்றரை மணி நேரம்தான். ரயில் ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிடும், பெட்டிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். காலை 5 மணி வந்தே பாரத்துக்கு மட்டும் மெட்ரோ உதவாது, ஆட்டோ பேசி வைக்க வேண்டும்.

அன்றே போய் அன்றே திரும்புகிறவர்களுக்கும் முன்கூட்டி மலிவாக டிக்கெட் போட்டவர்களுக்கும் விமானம் சரி. போகி அன்று காலை விமானத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஊரே கொளுத்தும் புகையோடு மார்கழிப் பனியும் சேர்ந்தால் ஓடுபாதை தெரியாது. ஒன்றரை மணி லாபம் அங்கேயே கரைந்துவிடும்.