கோரிக்குத் தனித் தீனி வேண்டும்: நாலு வருஷ அனுபவம்

"கீழே கிடக்கிற மிச்சத்தைத் தின்னுக்கும் சார், தனியா தீனி வேணாம்." கொளத்தூர் வண்ணமீன் கடையில் என் தொட்டிக்கு ஏழு கோரிடோரஸ் (சுருக்கமாகக் கோரி; தொட்டியின் அடியில் மேயும் சின்னக் கெளுத்தி வகை) வாங்கியபோது கடைக்காரர் சொன்னது இது. நம்பினேன். ரெண்டு மாதம் கழித்துத் தரையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் கீழிருந்து பார்த்தால், எல்லாவற்றுக்கும் வயிறு ஒட்டிப்போயிருந்தது. நாள் முழுக்கக் கிளறிக்கொண்டுதான் இருந்தன; ஆனால் அதே தொட்டியில் மேலே நீந்தும் டெட்ரா மீன்கள் விட்டுவைத்தால்தானே கீழே ஏதாவது விழும்!

பதறிப்போய் அடுத்து செய்தது அதைவிட மோசம். ராத்திரி ரெண்டு பெரிய வேஃபரை (அடியில் மூழ்கும் தீனி வில்லை) முழுசாகப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பாதி வேஃபர் ஊதி, பூஞ்சை படர்ந்து கிடந்தது. தண்ணீர் கஞ்சி மாதிரி. கோரி அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்குவது சகஜம், செவுளோடு குடல் வழியாகவும் சுவாசிக்கும் மீன் அது. அன்றைக்கோ நிமிஷத்துக்கு ஒரு தரம் மேலே பாய்ந்தன. உடனே பாதித் தண்ணீர் மாற்றினேன். ஒன்று பிழைக்கவில்லை.

இப்போது விளக்கை அணைத்த பிறகுதான் கோரிக்குச் சாப்பாடு. முதலில் இடது மூலையில் டெட்ராவுக்குக் கொஞ்சம் ஃபிளேக்ஸ், அதாவது மிதக்கும் தீனிச் செதில். அவை அங்கே மும்முரமாக இருக்கும்போது, வலது மூலையில் அரை இஞ்ச் பிவிசி குழாயைத் தரைவரை இறக்கி, மூழ்கும் பெல்லட்டை (தீனிக் குருணை) அதற்குள் போடுகிறேன். மீனுக்கு ரெண்டு மூணு, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் மிஞ்சியதை டியூபால் உறிஞ்சி எடுத்துவிடுவேன். வாரம் ஒருநாள் உறைந்த ரத்தப்புழு, ஒருநாள் பட்டினி. வெள்ளரிக்காயை அவித்துப் போட்டும் பார்த்தேன், சீண்டவில்லை. பாசியும் தின்னாது, பாசி தின்னும் சக்கர் மீனோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தீனியைப் போலவே தொட்டியின் தரையும் முக்கியம். கலர் கல் போட்டிருந்த காலத்தில் மீசை தேய்ந்துபோனது. கல்லின் கூர்மையைவிட, இடுக்கில் அழுகிய தீனிதான் காரணம் என்பது என் கணிப்பு. சலித்துக் கழுவிய மணலுக்கு மாற்றினேன். மீசை பாதிதான் திரும்ப வளர்ந்தது. ஆனால் அவை தின்னும் அழகை அப்போதுதான் பார்த்தேன்: கண்வரை முகத்தை மணலில் புதைத்து வாரி, தீனியை வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாக உதிர்க்கின்றன.

குழாய் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டாலே ஆறும் மூலைக்கு வந்துவிடுகின்றன. டெட்ராக்களும் அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டதால், போன மாதம் மூலையை மாற்றவேண்டியதாயிற்று.